வனக்குளியல் நடை: என் முதல் முயற்சி சொதப்பல், எங்கே தப்பு?

சருகுமான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்து வருடத்துக்கு மேலாக ஆட்களைப் பறவை பார்க்க அழைத்துப் போகிறேன். காட்டுக்குள் நுழைந்தால் எனக்கு வாய் மூடாது. எந்தக் குரல் எந்தக் குருவி, எந்தப் பட்டை எந்த மரம், எச்சத்தைப் பார்த்தே ராத்திரி யார் வந்து போனார்கள் என்று சொல்லிக்கொண்டே நடப்பேன், வருகிறவர்களும் குறிப்பெடுத்துக்கொண்டே வருவார்கள். போன மாதம் வேறு மாதிரி ஒரு குழு வந்தது. நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள். "பேர் எல்லாம் வேண்டாம் சார், தலை ஏற்கெனவே நிரம்பிக் கிடக்கிறது, வனக்குளியல் என்கிறார்களே, காட்டில் மெதுவாக நடந்து, பார்த்து, கேட்டு இளைப்பாறுவது, அந்த மாதிரி சும்மா கூட்டிப் போங்கள்" என்றார்கள். சும்மா கூட்டிப் போவதில் என்ன கஷ்டம் என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

அங்கேதான் மாட்டினேன். 14 பேர், நான் வழக்கமாகப் போகும் 5 கிலோமீட்டர் பாதை, மூன்று மணி நேரம். முதல் அரை மணியிலேயே வரிசை நீண்டு, முன்னால் போகிறவர் பின்னால் வருகிறவர் கண்ணுக்குத் தெரியவில்லை. ஓர் ஓடையோரம் எல்லோரையும் நிறுத்தி "கண்ணை மூடுங்கள், காட்டைக் கேளுங்கள்" என்றேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, ஒருவர் களுக்கென்று சிரிக்க, பக்கத்தில் இருந்தவருக்கும் அது தொற்றிக்கொள்ள, இன்னொருவர் கைபேசியை எடுத்து நேரம் பார்க்க, ஒரு பெண் மட்டும் கண்ணை மூடாமல் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். முகம் சரியில்லை. அப்புறம் யாரோ "இது என்ன சத்தம்?" என்று கேட்டுவிட்டார்கள். சும்மா விடுவேனா? மரங்கொத்தியின் நாக்கெலும்பு மண்டையோட்டைச் சுற்றிப் போவதில் ஆரம்பித்துக் கால் மணி நேரம் பேசித் தள்ளினேன். திரும்பும்போது ஒருவர் கை குலுக்கி "நல்ல கிளாஸ் சார்" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார், எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை.

இப்போது நண்பர் ஒருவர் தன் குடும்பத்துக்குச் சொந்தமான காட்டுத் துண்டில் இதற்கென்றே நிரந்தரமாக ஒரு பாதை போட்டுத் தரச் சொல்கிறார். பாதை எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? நடுவில் ஆட்களை என்ன செய்யச் சொல்வது? பலகைகள் வைக்கலாமா? எல்லாவற்றுக்கும் மேல், இதில் நிஜமாகவே பலன் இருக்கிறதா, இல்லை நாகரிகத்துக்கு ஒரு பேர் வைத்து விற்கிறார்களா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.


மெதுநடை எழுதியது:

சருகுமான், நீங்கள் சொன்ன தப்பு ஒவ்வொன்றையும் நானும் செய்திருக்கிறேன், அந்த ஓடையோரச் சிரிப்பு உட்பட.

முதலில் தூரம். 5 கிலோமீட்டர் என்பது மலையேறுகிறவர்கள் கணக்கு. நான் நடத்தும் நடை இரண்டரை மணி நேரம், ஒன்றேகால் கிலோமீட்டர், அதிலும் பாதி நாட்களில் கடைசி முந்நூறு மீட்டரைப் போகாமலே திரும்பிவிடுவோம். சாதாரணமாக நடந்தால் நூறு மீட்டரைக் கடக்க ஒரு நிமிடம் கொஞ்சம் கூடுதலாக ஆகும். எங்கள் நடையின் தொடக்கத்தில் அதே நூறு மீட்டருக்குக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறோம். கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் அந்த வேகத்துக்கு இறங்கின பிறகுதான் சருகுக்கு அடியில் ஏதோ நகர்கிற சத்தம் காதில் விழும். ஆள் எண்ணிக்கையும் எட்டு, அதிகம் போனால் பத்து. 14 பேர் என்றால் கண்டிப்பாக வால் முளைக்கும்.

வனக்குளியல் என்ற பேர் வந்த கதை தெரிந்தால் உங்கள் குழப்பம் கொஞ்சம் தீரும். 1982ல் ஜப்பானிய வனத்துறையின் தலைவராக இருந்த தோமோஹிடே அகியாமா வைத்த பெயர் ஷின்ரின் யோக்கு. ஷின்ரின் என்றால் காடு, யோக்கு என்றால் குளியல். குளிக்கும்போது தண்ணீரைப் பற்றி யாரும் பாடம் எடுப்பதில்லை இல்லையா, அதே கணக்கு. அமெரிக்காவில் 2012ல் ஏமஸ் கிளிஃபர்ட் தொடங்கிய வழிகாட்டிகள் சங்கம் இதற்கு ஒரு வரிசைமுறை கொடுத்தது, இன்று பல நாடுகளில் வழிகாட்டிகள் நடப்பது ஏறக்குறைய அதன்படிதான். சிகிச்சை தருவது காடு, வழிகாட்டி கதவைத் திறந்துவிடுகிறவர், அவ்வளவுதான் என்பார்கள் அங்கே. எனக்கு இந்த வாசகம் முதலில் கொஞ்சம் அலங்காரமாகத்தான் பட்டது. அப்புறம் ஒரு நாள் தொண்டை கட்டிக்கொண்டு பேச முடியாமல் போய், சைகையிலேயே முழு நடையையும் நடத்தினேன். அதுவரை நான் நடத்தியதிலேயே நல்ல நடை அதுதான்.

வரிசை எப்படி என்றால், காட்டுக்குள் நுழையும் இடத்தில் நிற்பது. இடுப்புயரக் கல்லோ வளைந்த கிளையோ ஏதோ ஒன்று வாசல் மாதிரி இருந்தால் போதும், அதைத் தாண்டினால் பேச்சு குறையும் என்று சொல்லிவிடுவேன். அப்புறம் நின்ற இடத்திலேயே ஒவ்வொரு புலனாக. காலடி மண் எப்படி இருக்கிறது, காற்று முகத்தில் எந்தப் பக்கம் படுகிறது, மிகத் தூரத்தில் கேட்கும் சத்தம் எது, மிகப் பக்கத்தில் கேட்பது எது. இதற்குப் பத்து, பதினைந்து நிமிடம் வரை எடுத்துக்கொள்வேன். பிறகு அந்த மெதுநடை. இங்கே நான் தரும் அழைப்பு, அதாவது செய்து பார்க்கச் சொல்வது, ஒன்றே ஒன்றுதான்: "நகர்வது எதுவோ அதைப் பாருங்கள்." இவ்வளவுதான். அசையும் இலை, எறும்பு வரிசை, புல்நுனியில் ஆடும் சிலந்தி நூல், மேகத்தின் நிழல். நகர்வதைத் தேடும் கண் வேறு எதற்கும் அலையாது. அதற்குப் பிறகு ஒன்றோ இரண்டோ அழைப்புகள், இடத்தைப் பொறுத்து. ஒரு மரத்தை அண்டிக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வாருங்கள், ஒரே நிறத்தின் எத்தனை சாயல் கண்ணில் படுகிறது பாருங்கள், இப்படி. கடைசியில் ஆளுக்கு ஓர் இடம் பிடித்து இருபது நிமிடம் உட்காருவது.

ஒவ்வொன்றுக்கும் நடுவில் வட்டமாக நிற்போம். ஒரு குச்சியோ கல்லோ கை மாறும், கையில் வந்தவர் பார்த்ததை ஒரு வரியில் சொல்லலாம், சொல்லாமல் அடுத்தவரிடம் கொடுத்தும் விடலாம். நான் பதிலுக்கு ஒன்றும் சொல்ல மாட்டேன், "அருமை" என்றுகூட. ஒருவருக்கு அருமை சொல்லிவிட்டால் அடுத்தவர் அதைவிட அருமையாகச் சொல்ல ஏதாவது தேட ஆரம்பித்துவிடுவார்.

உங்கள் மரங்கொத்திக்கு வருகிறேன். அறிவு இருப்பது தப்பில்லை, அது வருகிற நேரம்தான் தப்பு. "இது என்ன குரல்?" என்று கேட்டால் நான் சொல்வது, "எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள், முடியும்போது பேரைச் சொல்கிறேன்." பேரைச் சொன்ன அந்த நொடியே பெரும்பாலானவர்கள் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள், தெரிந்துவிட்டது, அடுத்தது என்ன என்று. முடிவில் உட்கார்ந்து சூடாக ஏதாவது குடிக்கும்போது கேளுங்கள், அப்போது நாக்கெலும்பு கதையை எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம். அதற்கு அப்போதுதான் கேட்கிற காதும் இருக்கும்.

கடைசியாக ஒன்று. சிரிப்பு வந்தது உங்கள் தோல்வி இல்லை. பழக்கமில்லாத மௌனத்தில் முதலில் வருவது சிரிப்புதான், சிரித்து முடிக்க விட்டுவிடுங்கள்.


வெட்டுக்கிளி எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். காட்டில் மெதுவாக நடக்க எதற்குப் பயிற்சி பெற்ற ஆள், வரிசைமுறை, கையில் குச்சி? மாடு மேய்க்கிறவர் தினமும் செய்வதுதானே இது. தனியாகப் போய் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டு வந்தால் முடிந்தது.


மெதுநடை எழுதியது:

போக முடிந்தவர்கள் தாராளமாகப் போகலாம், நானே வாரத்தில் இரண்டு நாள் அப்படித்தான் போகிறேன். ஆனால் பாறையில் உட்கார்ந்த மூன்றாவது நிமிடம் கைபேசியை எடுக்காதவர் எத்தனை பேர்? வழிகாட்டி இருந்தால் நேரம் பார்க்க வேண்டாம், வழி தேட வேண்டாம், பாம்பு இருக்குமோ என்று பயப்பட வேண்டாம், அந்த மூன்று கவலையும் இன்னொருவர் தலையில். அதற்குத்தான் ஆள். தென் கொரியாவில் இந்த வேலைக்கு அரசே தேர்வு வைத்து இரண்டு நிலைகளில் சான்றிதழ் தருகிறது, யோங்ஜு நகரில் 2016ல் இதற்கென்றே ஒரு தேசிய மையமும் திறந்தார்கள். மாடு மேய்க்கிறவருக்கு இது தேவையில்லை, சரிதான். மாட்டைப் படத்தில் மட்டும் பார்த்தவருக்குத் தேவைப்படுகிறது.


இரவுப்பணி எழுதியது:

நான் செவிலியர். பலன் இருக்கிறதா என்று கேட்டீர்களே, அதற்கு மட்டும் பதில், ஏனென்றால் இந்த இடத்தில்தான் எல்லோரும் கொஞ்சம் அதிகமாகவே ஊதிவிடுகிறார்கள்.

இருக்கிறது, ஆனால் விளம்பரத்தில் சொல்கிற அளவுக்கு இல்லை. ஜப்பானில் 24 காடுகளில் 280 இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்து 2010ல் வெளியானது. ஒரு நாள் காட்டிலும் இன்னொரு நாள் நகரத்திலும் அதே ஆட்களை நடக்கவும் உட்காரவும் வைத்தார்கள். காட்டில் இருந்தபோது எச்சிலில் மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் குறைவு, நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் குறைவு. இந்தத் திசையிலேயே வேறு பல ஆய்வுகளும் வந்திருப்பதால் இதை ஓரளவு நம்பிச் சொல்லலாம். மனம் இளகுகிறது, உடம்பும் கூடவே இளகுகிறது. இது அந்த நேரத்துக்கான மாற்றம், நினைவில் வையுங்கள். நாள்பட்ட இரத்த அழுத்தம் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

அடுத்தது எல்லோரும் எடுத்துக்காட்டும் என்.கே. செல் கதை. நோய்த்தொற்று பிடித்த செல்களையும் புற்றுச் செல்களையும் அழிக்கும் வெள்ளையணுக்கள் இவை. சிங் லீ என்ற மருத்துவர் டோக்கியோவிலிருந்து 12 ஆண்களைக் காட்டுப் பகுதிக்கு மூன்று நாள் அழைத்துப் போனார். பிறகு சோதித்தபோது அவர்கள் இரத்தத்தில் இந்த எதிர்ப்புச் செல்களின் செயல்பாடு கூடியிருந்தது. மரங்கள் காற்றில் விடும் பைட்டான்சைடு என்ற வாசனைப் பொருட்கள் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அவர் நினைத்து, பின்னால் ஹோட்டல் அறையில் ஹினோக்கி மர எண்ணெயை ஆவியாக விட்டும் சோதித்தார், அதிலும் 12 பேர். சுவாரசியமான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் 12 பேர். அதிலும் வேலையை விட்டு மூன்று நாள் விடுமுறையில் நன்றாகத் தூங்கி எழுந்த 12 பேர். காட்டின் பங்கு எவ்வளவு, விடுமுறையின் பங்கு எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது? இதை வைத்துக்கொண்டு "புற்றுநோய் வராது" என்று துண்டுப் பிரசுரம் அடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 20,000 பேரிடம் கேட்டு 2019ல் வந்த ஆய்வு ஒன்று, வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கையான இடங்களில் இருந்தவர்கள் தங்கள் உடல்நலம் நன்றாக இருப்பதாகச் சொல்வது அதிகம் என்கிறது. மொத்தமாக ஒரே நாளில் போனாலும், பிரித்துப் பிரித்துப் போனாலும் வித்தியாசமில்லையாம். ஆனால் உடம்பு நன்றாக இருப்பதால்தான் வெளியே போனார்களோ என்னவோ, அந்த ஆய்வு அதைப் பிரித்துக் காட்டாது.

எனக்குப் பிடித்தது பழைய ஒன்று. ரோஜர் உல்ரிச், 1984. பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்த நோயாளிகளை 23 ஜோடியாகப் பிரித்து மருத்துவமனைப் பதிவேடுகளைப் பார்த்தார். ஒருவர் ஜன்னலில் மரங்கள், அவர் ஜோடியின் ஜன்னலில் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீட்டுக்குப் போனார்கள், வீரியமான வலி மருந்தும் குறைவாகவே எடுத்துக்கொண்டார்கள். இதுவும் சின்ன ஆய்வுதான், ஆனால் வார்டில் வேலை பார்க்கிற எனக்கு நம்பக் கஷ்டமில்லை. ஜன்னல் கட்டில் காலியானால் அதற்கு எத்தனை பேர் கேட்பார்கள் தெரியுமா?

நடைமுறைக்கு வருகிறேன். வருகிறவர்களிடம் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: தேனீ கொட்டினால் ஒவ்வாமை உண்டா, ஆஸ்துமா, சர்க்கரை, வலிப்பு, முழங்கால், என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள், இழுப்பான் கையில் இருக்கிறதா. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் இரண்டரை மணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல் இருந்தால் தாழ் சர்க்கரையில் மயங்கிவிடக்கூடும், அது தியான நிலை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். சிரிக்காதீர்கள், கிட்டத்தட்ட அப்படி ஒன்றை நேரில் பார்த்திருக்கிறேன். யாரிடமும் மாத்திரையை நிறுத்தலாம் என்று வாய் தவறியும் சொல்லக் கூடாது. யாராவது அழ ஆரம்பித்தால், அழுவார்கள், பக்கத்தில் போய் நின்றால் போதும், ஏன் என்று தோண்ட வேண்டாம், நீங்கள் மனநல மருத்துவர் இல்லை.


ஜன்னலோரம் எழுதியது:

கைகளைக் கட்டிக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணைப் பற்றிப் படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. நான் வேறு ஒரு நடையில் அதே மாதிரி நின்றவள்.

எல்லோரும் கண்ணை மூட வேண்டும் என்றார் நடத்தியவர். அறிமுகமில்லாத எட்டுப் பேருக்கு நடுவில், முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரியாத இடத்தில், என்னால் முடியாது. காரணத்தை இங்கே எழுதப் போவதில்லை. நான் மூடவில்லை என்று பார்த்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து "விட்டுக்கொடுங்கள், மனதைத் திறங்கள்" என்று மெல்லிய குரலில் சொன்னார். அந்தக் குரல் இப்போதும் எரிச்சலாக இருக்கிறது. அப்புறம் மரத்தைக் கட்டிப்பிடிக்கச் சொன்னார். பட்டை முழுக்கக் கம்பளிப்பூச்சி. நான் வண்டிக்குத் திரும்பிவிட்டேன்.

ஒரே ஒரு வாக்கியம் போதும்: "கண்ணை மூடலாம், இல்லை தரையைப் பார்த்துக்கொண்டும் இருக்கலாம்." இதை முதல் நிமிடத்திலேயே எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுங்கள். தனியாக வந்து சொன்னால் அது சலுகை மாதிரி ஆகிவிடும்.


பாதைக்காரன் எழுதியது:

பாதை போடுவது பற்றி யாருமே சொல்லவில்லையே, அது என் தொழில், ஆகவே சொல்கிறேன்.

வரைபடத்தை எடுப்பதற்கு முன் காதை எடுத்துக்கொண்டு போங்கள். வாகனங்கள் அதிகம் ஓடும் நேரமாகப் பார்த்து, உத்தேசப் பாதையில் இருபது இடத்தில் ஐந்தைந்து நிமிடம் நில்லுங்கள். சாலை இரைச்சல் எங்கே அடங்குகிறது, எங்கே ஜெனரேட்டர் சத்தம் ஏறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மேடு குறுக்கே இருந்தாலே சத்தம் பாதியாகக் குறையும் இடங்கள் உண்டு. சலசலக்கும் தண்ணீர் கிடைத்தால் பொக்கிஷம், அது இரைச்சலை மூடிவிடும். உட்காரும் இடங்களை அங்கே வையுங்கள், பாதையை அதற்கேற்ப வளையுங்கள். பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள், பாதையைப் போட்டுவிட்டு எங்கே இடம் மிச்சமோ அங்கே பெஞ்ச்.

கிளம்பிய இடத்துக்கே வந்து சேரும் வளையப் பாதைதான் நல்லது. எதிரே ஆள் வர மாட்டார்கள், திரும்பி வருவது என்ற எண்ணமும் இருக்காது. சரிவு, இருபது அடி நீளத்துக்கு ஓரடி ஏற்றத்துக்கு மேல் வேண்டாம், சக்கர நாற்காலியும் போகும், மூச்சு வாங்காமல் மூக்கால் வாசனை பிடிக்கவும் முடியும். முழுப் பாதைக்கும் முடியாவிட்டால் முதல் முந்நூறு மீட்டராவது அப்படிப் போட்டு அங்கேயே நல்ல உட்காருமிடம் ஒன்று வையுங்கள், நடக்க முடியாதவருக்குக் காட்டின் வாசல் மட்டும் காட்டித் திருப்பி அனுப்பாதீர்கள். தரைக்குச் சிமெண்ட் வேண்டவே வேண்டாம். சருகும் மரத்தூளும் கலந்த மெத்தென்ற தரை, சக்கரம் ஓடும் பகுதியில் மட்டும் நன்றாக இறுக்கிய பொடிஜல்லி. பாதையைப் பள்ளப் பக்கம் லேசாகச் சரித்துவிட்டால் மழைநீர் குறுக்கே வடிந்து போய்விடும், இல்லையென்றால் முதல் மழைக்கே பாதை ஓடையாகிவிடும். வேரை வெட்டாதீர்கள். வேர் மேலே வந்தால் பாதையை நகர்த்துங்கள்.

உட்காருமிடத்துக்கு ஒரு சின்ன ரகசியம். முதுகுக்குப் பின்னால் பாறையோ பருத்த மரமோ புதரோ இருக்க வேண்டும், முன்னால் பார்வை திறந்திருக்க வேண்டும். ஜன்னலோரம் சொன்ன பயம் எல்லோருக்கும் கொஞ்சம் உண்டு, சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான். நடுவெளியில் நான்கு பக்கமும் திறந்த பெஞ்ச் போட்டுப் பாருங்கள், ஈ கூட உட்காராது.

பட்டுப்போன மரங்களை எல்லாம் வெட்டித் தள்ளாதீர்கள், உங்கள் மரங்கொத்திக்கு அதுதான் வீடு. ஆனால் உட்கார வைக்கும் இடம் அந்த மரத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் தள்ளி இருக்கட்டும். ஒவ்வொரு நடைக்கும் முதல் நாள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஒரு முறை சுற்றி வர வேண்டும், முறிந்து மேலே தொங்கிக்கொண்டிருக்கும் கிளைதான் கொல்லும். பலத்த காற்று, இடி என்றால் நடையே கிடையாது, எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருந்தாலும் சரி. கைபேசிக்கு எங்கே சிக்னல் கிடைக்கிறது என்று இரண்டு இடமாவது தெரிந்து வைத்திருங்கள்.

பலகை பற்றிக் கேட்டீர்கள். வழிகாட்டி எப்போதும் கூட வருவார் என்றால் பலகையே தேவையில்லை. ஆள் இல்லாமலும் மக்கள் போவார்கள் என்றால் வைக்கலாம். பின்லாந்தில் இக்காலினென் என்ற ஊரில் 2010ல் போட்ட பாதை அப்படித்தான், பலகையே வழிகாட்டி. மரத்தின் பேரும் தாவரவியல் பேரும் அதில் வேலையில்லை. இங்கே நில், மேலே பார், மூச்சை விடு, இந்த அளவில் ஒரு வரி. நான் போட்ட ஒரு பாதையில் உரிமையாளர் ஆசைப்பட்டு 32 பலகை வைத்தார். வந்தவர்கள் பலகை படித்துப் படித்துப் போனார்கள், மரத்தை ஒருவரும் பார்க்கவில்லை. இப்போது ஐந்து இருக்கிறது, அதில் ஒன்று கழிப்பறைக்கு வழி காட்டுவது.


சருகுமான் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். பாதி வேலை முடிந்தது, பாதி ஓடிக்கொண்டிருக்கிறது.

பாதைக்காரன் சொன்னபடி காதோடு போனதில், நான் மனதுக்குள் போட்டு வைத்திருந்த அழகான பாதை முழுவதும் அடிபட்டுப் போனது. அந்த மேட்டின் மேலிருந்து பார்வை பிரமாதம், ஆனால் கீழே சாலையில் லாரி கியர் மாற்றுவதுகூடக் கேட்கிறது. இத்தனை வருடம் அங்கே பறவை பார்த்திருக்கிறேன், அந்தச் சத்தம் காதில் விழுந்ததே இல்லை. பாதையை ஓடைப் பக்கம் இறக்கிவிட்டோம். இப்போது மொத்தம் 900 மீட்டர் வளையம்.

போன ஞாயிறு சோதனை நடை. ஏழு பேர், இரண்டு மணி பத்து நிமிடம். பழைய குழுவில் இருந்தவர்கள் நான்கு பேர் வந்தார்கள், அந்தப் பெண்ணும் வந்தார். மன்னிப்புக் கேட்டுத்தான் அழைத்திருந்தேன். கண் மூடுவது பற்றிய அந்த வாக்கியத்தை வாசலிலேயே எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். அவர் பாறையில் முதுகைச் சாய்த்து இருபது நிமிடமும் கண்ணைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தார், குச்சி கைக்கு வந்தபோது ஒன்றும் சொல்லாமல் அடுத்தவரிடம் கொடுத்தார், போகும்போது அடுத்த நடை எப்போது என்று கேட்டார்.

"நகர்வது எது" பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கணக்கு எழுதும் வேலையில் இருப்பவர் ஒருவர், நடை முழுக்க ஒரே இடத்தில் குனிந்து நின்றுவிட்டார். நான் மெதுவாகப் போய்ப் பார்த்தால், ஒரு மரவட்டை ஒரு காய்ந்த இலையின் ஓரத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது. அத்தனை கால்களும் அலை அலையாகப் போகின்றன, விளிம்பு வந்ததும் முன்பாதி உடம்பு அந்தரத்தில் துழாவுகிறது, ஒன்றும் கிடைக்காமல் திரும்புகிறது, மறுபடி வேறு இடத்தில் துழாவுகிறது. எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது, மரவட்டைக்கு ஒரு வளையத்துக்கு இரண்டு ஜோடிக் கால், பூரானுக்கு ஒன்றுதான் என்று. கடித்துக்கொண்டேன். வட்டத்தில் அவர் சொன்னது: "நாலு தடவை திரும்பிப் போச்சு, அஞ்சாவது தடவை இறங்கிடுச்சு." அவ்வளவுதான், குச்சியைக் கொடுத்துவிட்டார். முடிவில் குடிக்க உட்கார்ந்தபோது அவரே கேட்டார், அப்போது கால் கணக்கைச் சொன்னேன், விழுந்து விழுந்து கேட்டார்.

சொதப்பல் இல்லாமல் இல்லை. ஓர் உட்காருமிடம் மேற்கைப் பார்த்து அமைந்துவிட்டது, சாயங்கால வெயில் நேராகக் கண்ணில் அடிக்கிறது. இன்னொன்றுக்குக் கீழே எறும்புப் புற்று இருந்ததை நான் கவனிக்கவில்லை, அங்கே உட்கார்ந்தவர் நாகரிகத்துக்காகப் பத்து நிமிடம் பொறுத்திருக்கிறார். அப்புறம் மெதுநடைக்கு ஒரு கேள்வி. உட்காரும் நேரத்தில் ஒருவர் தூங்கியேவிட்டார், நல்ல குறட்டை, ஓடைச் சத்தத்தையும் மீறி. எழுப்பலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றேன். என்ன செய்வீர்கள்?


மெதுநடை எழுதியது:

எழுப்ப மாட்டேன். எத்தனை நாள் தூங்காதவரோ. சர்க்கரைக்காரராக இருந்தால் மட்டும் பக்கத்தில் போய் மூச்சும் வியர்வையும் பார்த்துவிட்டு வருவேன், இரவுப்பணி திட்டுவார். மற்றவர்களுக்குக் குறட்டையும் ஒரு சத்தம்தான், வட்டத்தில் அதைப் பற்றியும் யாராவது சொல்லியிருப்பார்களே?


சருகுமான் எழுதியது:

சொன்னார்கள். "மிகப் பக்கத்தில் கேட்ட சத்தம்" என்று. சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆனது, விட்டுவிட்டேன்.


இரவுப்பணி எழுதியது:

திட்டவில்லை. ஆனால் தரையில் உட்கார்ந்தவர்கள், முக்கியமாகத் தூங்கியவர், வீட்டுக்குப் போனதும் உண்ணி பார்த்தார்களா என்று கேளுங்கள். முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்புப் பட்டை, காதுக்குப் பின்னால், காலுறைக்குள்ளும். ஒட்டிக்கொண்டிருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும், திருகவோ தீக்குச்சி வைக்கவோ கூடாது. அடுத்த சில வாரத்தில் காய்ச்சலோ தோலில் தடிப்போ வந்தால் காட்டுக்குப் போனதை மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.


சருகுமான் எழுதியது:

அய்யோ, அதைச் சொல்லவே இல்லை. இப்போதே ஏழு பேருக்கும் செய்தி அனுப்புகிறேன்.